கேழ்வரகு இலையும் ஐஸ் வராத நாளும்

ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். இலையை எப்படி அரைப்பது, சாற்றை எப்படி வடிப்பது, எதில் எத்தனை சொட்டு சேர்ப்பது என்பதெல்லாம் உங்கள் மேசையில் இருக்கும் குறிப்பேட்டில் இருக்கிறது. அதை என்னைவிட நன்றாகவே செய்கிறீர்கள். அதனால் நான் ஒரு தப்பைப் பற்றி எழுதுகிறேன். இருபத்தெட்டு வயதில், காஞ்சிபுரத்தில் வேலை பார்த்தபோது, என்ன செய்கிறோம் என்று நன்றாகத் தெரிந்தே நான் செய்த தப்பு.

எழுபதுகளின் தொடக்கம் அது. சென்னையில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஒரு பேராசிரியரிடம் இரண்டு வருடம் வேலை பழகியிருந்தேன். அவர் பெயரை எழுதப்போவதில்லை. கும்பகோணத்தில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த என் அப்பா, கல்யாணமாகாத பெண்ணை வெளியூரில் தனியாக வேலைக்கு விடமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றபோது, பேராசிரியரே ரயிலேறி எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே, "உங்கள் பெண்ணுக்குப் பொறுமை இருக்கிறது. இந்த வேலைக்கு அதுதான் வேண்டும். அது எல்லோருக்கும் அமையாது" என்றார். அப்பா அதற்கு மேல் மறுக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படிக்கும்போது அவரைக் கெட்டவர் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

அவர் என்னை அனுப்பிய இடம், காஞ்சிபுரத்தைத் தாண்டி தாமல் போகும் சாலையில் இருந்த ஒரு சின்னப் பயிர் ஆய்வு நிலையம். நாலைந்து வயல், ஒரு கிணறு, ஓட்டுக் கட்டடம் ஒன்று. கட்டடத்தின் முன் அறையில் விதை மூட்டைகள் இருந்தன. பின்னால் இருந்த இரண்டு அறைகள்தான் என் ஆய்வுக்கூடம். அதில் இருந்தவை ஒரு மையவிலக்கி, ஒரு பழைய ஸ்பெக்ட்ரோமீட்டர், சின்ன ஃபிரிட்ஜ் ஒன்று, நான், முனுசாமி.

முனுசாமி நிலையத்தின் அட்டெண்டர். நாற்பது வயதிருக்கும். தாமல்காரர். அண்ணன் தம்பிகளுக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. இவர் மட்டும் சர்க்கார் வேலைக்கு வந்துவிட்டார். நான் இலை பறிக்கும்போது கூட நிற்பார். அரைக்கும்போது உரலைப் பிடித்துக்கொள்வார். மற்ற நேரம் பேசாமல் ஜன்னல் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார்.

நான் குடியிருந்தது பெரிய காஞ்சிபுரத்தில், ஒரு நெசவுக்காரர் வீட்டு மாடியில். கீழே நாள் முழுவதும் தறிச் சத்தம். வீட்டுக்காரம்மா தனபாக்கியத்துக்கு என் வேலை என்னவென்று கடைசிவரை பிடிபடவில்லை. "இலையெல்லாம் அரைச்சி இன்னாதாம்மா பண்ற? மருந்தா?" என்று கேட்பார். சாயம் எடுக்கிறேனா என்றும் ஒரு நாள் கேட்டார். இரண்டும் இல்லை என்றதும், "சரி, அப்ப டீச்சர்தானே" என்று அவரே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அன்றிலிருந்து நான் ஒரு பாடமும் எடுக்காத அந்தத் தெருவுக்கு டீச்சரம்மா ஆகிவிட்டேன்.

தனிமை என்றால் பேச ஆளில்லாதது என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்தத் தெருவில் பேச நிறையப் பேர் இருந்தார்கள். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்பதில் தொடங்கி எல்லாவற்றையும் கேட்டார்கள். ஆனால் காலையில் எழும்போது என் தலைக்குள் முதலில் என்ன ஓடுகிறதோ, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச அந்த ஊரில் ஒருவரும் இல்லை. வாரம் ஒரு கடிதம் பேராசிரியருக்கு எழுதுவேன். பத்து நாள் கழித்து அரைப் பக்கம் பதில் வரும். அதை நாலு தடவை படிப்பேன்.

வேலை இதுதான். காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இலை உள்ளே இழுத்துச் சர்க்கரையாக்குகிறது என்பது பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தருவது. இலையின் பசுங்கணிகங்களுக்குள் அதைச் செய்வது நொதிகள். நெல்லில் அந்த வாயு முதலில் மூன்று கார்பன் உள்ள ஒரு பொருளாகிறது. கரும்பில் முதலில் நான்கு கார்பன் பொருளாகிறது என்று நாங்கள் படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் தெரியவந்தது. அப்படி நடக்க வேண்டுமென்றால், வாயுவைப் பிடித்துக்கொள்ளும் பொருள் தீரத் தீர இலை அதை மறுபடி உண்டாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதை உண்டாக்கித் தரும் நொதி ஒன்று கரும்பு, மக்காச்சோளம் போன்ற சில செடிகளில் இருப்பதாக வெளிநாட்டில் சொல்லியிருந்தார்கள். நம் ஊர் கேழ்வரகும் கரும்பைப் போல நான்கு கார்பன் வகைதான்; அதிலும் அந்த நொதி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் பொறுப்பு.

நொதி என்பது சிதையாமல் இருக்கும்போதுதான் வேலை செய்யும். இலையைக் கசக்கிச் சாறெடுத்த நிமிடத்திலிருந்து அது கெட ஆரம்பிக்கும். அதைத் தள்ளிப்போடக் குளிர் வேண்டும். பேராசிரியரின் முதல் விதி அதுதான்: ஐஸ் இல்லாவிட்டால் வேலையைத் தொடாதே. எங்கள் ஃபிரிட்ஜின் மேலறை, கப்பலில் வந்த ரசாயனப் புட்டிகளுக்கே போதவில்லை. அதனால் முனுசாமி தினமும் விடிகாலையில் பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்த ஐஸ் ஃபேக்டரிக்குப் போய், ஒரு பாளத்தை உமி போட்டுச் சாக்கில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவார். வந்து சேரும்போது கால் பங்கு கரைந்து அவர் முதுகெல்லாம் நனைந்திருக்கும். உரல், குழவி, குழாய்கள் எல்லாவற்றையும் அதில் புதைத்து வைத்துத்தான் நான் வேலையைத் தொடங்குவேன்.

சாற்றின் வழியே போகும் ஒளியை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஒரு முள் உண்டு. நொதி வேலை செய்தால் முள் மெல்ல இறங்கும். ஒரு வருடம் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கவே இல்லை. இளம் இலை, முற்றிய இலை, மழைக்காலம், வெயில்காலம் என்று எல்லாவற்றிலும் பார்த்தாயிற்று. செத்த பாம்பு மாதிரி அப்படியே கிடந்தது.

இதற்கு நடுவில் நான் கோட்டைவிட்ட ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். மக்காச்சோளத்தில் அந்த நொதி இருப்பது தெரிந்த விஷயம். என் கையால் மக்காச்சோளத்தில் ஒரு முறை செய்துபார்த்திருந்தால், அதிலும் முள் இறங்காவிட்டால், கோளாறு கேழ்வரகில் இல்லை, செய்யும் விதத்தில் இருக்கிறது என்று அன்றே தெரிந்திருக்கும். நான் பேராசிரியரைக் கேட்டு எழுதினேன். "தெரிந்ததை மறுபடி செய்து ரசாயனத்தை வீணாக்காதே" என்று பதில் வந்தது. அந்தப் புட்டி ஒன்று வந்து சேர ஆறு மாதம் ஆகும். சரி என்று விட்டுவிட்டேன். இரண்டாவது முறை கேட்டிருக்க வேண்டும்.

வருட முடிவில் பேராசிரியர் எழுதிய கடிதம் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. கேழ்வரகில் அந்த நொதி இல்லை என்றால், நம் சிறுதானியங்கள் வேறு ஏதோ வழியில் அந்த வேலையைச் செய்கின்றன என்று அர்த்தம். அது பெரிய செய்தி. கட்டுரையை எழுதத் தொடங்கிவிட்டேன் என்றிருந்தார். ஓய்வு பெற அவருக்கு இரண்டு வருடம்தான் இருந்தது. அவர் கையெழுத்தில் அப்படி ஒரு உற்சாகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த வைகாசியில் கருட சேவை வந்தது. சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பெருமாள் புறப்பட்டு வரும் நாளில் ஊர் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். விடிவதற்கு முன்பே நானும் முனுசாமியும் நிலையத்துக்கு வந்துவிட்டோம். அவர் ஐஸுக்குப் போனார். நான் இலை பறித்து ஈரத்துணியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து வெறும் சாக்கோடு வந்தார்.

"ஐஸே இல்லம்மா. அத்தனையும் பானகப் பந்தலுக்கும் சர்பத் கடைக்கும் நேத்தே தூக்கினு பூட்டாங்க. ரோட்ல சைக்கிள் தள்ளக்கூட எடமில்ல."

வீட்டுக்குப் போயிருக்கலாம். தெருவே கோயிலுக்குப் போயிருக்கும். அந்த மாடியில் தனியாக உட்கார எனக்குப் பிடிக்கவில்லை. அதுதான் உண்மைக் காரணம். அறிவியல் காரணம் எதுவும் இல்லை. பறித்த இலையைத் தூக்கிப்போட மனமில்லாமல், மணலில் புதைத்திருந்த குடிதண்ணீர்ப் பானைக்குள் குழாய்களைத் தொங்கவிட்டு, அந்தக் குளிர்ச்சியிலேயே சாறெடுத்தேன். வழக்கம்போல எல்லாவற்றையும் சேர்த்து ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்தேன்.

முள் இறங்கியது.

இயந்திரத்தைத் தட்டிப் பார்த்தேன். வேறு குழாயை வைத்தேன். மறுபடியும் நிதானமாக, சீராக இறங்கியது. எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? சாறு கெட்டுப்போய்விட்டது, அதனால் இயந்திரம் உளறுகிறது. எண்களை நோட்டில் எழுதினேன். எழுதிய கையோடு குறுக்கே ஒரு கோடு போட்டு, "ஐஸ் இல்லை, சேர்க்க வேண்டாம்" என்று பக்கத்தில் குறித்தேன்.

முனுசாமி ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"முள்ளு ஓடுதே, ஏம்மா அடிக்கிறீங்க?"

"ஐஸ் இல்ல முனுசாமி. எல்லாம் கெட்டுப்போச்சு. அதான் ஓடுது."

அவர் கொஞ்சம் யோசித்தார். "கெட்டுப்பூட்டா நின்னுதானேம்மா போவும்? கெட்டுப்போனது எங்கனா ஓடுமா?"

"உங்க வேலையப் பாருங்க" என்றேன்.

அவர் போய்ச் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தார். ஒரு வருடத்தில் என் வேலையைப் பற்றி என்னிடம் யாரும் கேட்ட ஒரே நல்ல கேள்வி அது. பேச ஆளில்லை, ஆளில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தேனே, அப்படிப்பட்ட எனக்கு அதைக் கேள்வி என்றே எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. கேட்டவர் அட்டெண்டர் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

ஆனால் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. பஸ்ஸில், சாப்பிடும்போது, துணி துவைக்கும்போதெல்லாம் வந்துகொண்டிருந்தது. பத்தாவது நாள் காலையில் முனுசாமியிடம், "இன்னிக்கு ஐஸ் வேணும், ஆனா பானையும் வேணும்" என்றேன். ஒரே சாற்றை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதி பானைத் தண்ணீரில், இன்னொரு பாதி ஐஸில். அரை மணி கழித்தும் பானையில் இருந்ததற்கு முள் இறங்கியது. ஐஸில் இருந்ததை வைத்தபோது அசையவில்லை. அந்த நொதி வேலை செய்யத் தேவையான பைருவேட் என்ற மூலப்பொருளைச் சேர்க்காமல் பானைச் சாற்றை மட்டும் வைத்தேன். அப்போதும் அசையவில்லை. அப்படியென்றால் இயந்திரம் உளறவில்லை. அந்த நொதிதான் ஓடுகிறது. அந்த வாரத்தில் ஐந்து தடவை செய்தேன், ஐந்து தடவையும் அப்படியேதான் வந்தது. மற்ற நொதிகளைக் காப்பாற்றும் குளிர் இந்த ஒன்றைக் கொன்றுகொண்டிருந்தது.

முனுசாமிக்கு நான் விளக்கிச் சொல்லத் தேவைப்படவில்லை. இரண்டு குழாய்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப ஒரு வருசமா நான் சொமந்துக்கினு வந்ததுதான் அத்த சாவடிச்சிதாம்மா?"

"நாமதான்" என்றேன். "நான்தான் கொண்டுவரச் சொன்னேன்."

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அந்த அறையில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஐந்தாவது தடவை செய்து முடித்த அன்று சாயங்காலம் வீட்டுப் படியேறும்போது என்னால் அடக்க முடியவில்லை. வாசலில் நூல் இழைத்துக்கொண்டிருந்த தனபாக்கியத்திடம், "கேழ்வரகில் இருக்கிறதும்மா!" என்றேன்.

"இன்னா இருக்குது?"

"நான் தேடிக்கொண்டிருந்தது."

"கேவுருல சத்து இருக்குதுன்னு எங்களக் கேட்டா சொல்லமாட்டமா டீச்சரம்மா? இதுக்கா ஒரு வருசம்?" என்று சொல்லிவிட்டு, பாவம் என்பதுபோல என்னைப் பார்த்தார். மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உலகத்தில் அந்த நிமிடம் எனக்கும் முனுசாமிக்கும் மட்டும் தெரிந்த ஒரு விஷயம். மகிழ்ச்சியையும் தனியாக வைத்துக்கொண்டிருப்பது கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

மறுநாளே நோட்டை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறினேன். பேராசிரியர் அறையில் கட்டுரை தட்டச்சு முடிந்து மேசைமேல் இருந்தது. கடைசிப் பக்கத்தில் அவர் பெயருக்குக் கீழே என் பெயர். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "ஐஸ் இல்லாமல் எடுத்த அளவை நான் எந்தச் சபையில் போய்ச் சொல்வேன்?" என்றார்.

"ஐந்து தடவை செய்தேன் சார்."

"நோட்டைக் கொடு."

புரட்டினார். கருட சேவை நாளின் பக்கத்தில் நிறுத்தினார். கோட்டின்மேல் விரலை வைத்தார்.

"இதை அடித்தது யார்?"

"நான்தான்."

"ஏன் அடித்தாய்?"

"அன்றைக்குத் தப்பு என்று நினைத்தேன்."

"அன்றைக்கு உன் புத்தி சரியாக இருந்தது" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். "ஒரு வருடம் பொறுமையாகச் செய்த வேலை ஒரு பக்கம். பானைத் தண்ணீரில் ஒரு வாரம் செய்தது இன்னொரு பக்கம். அகில இந்திய மாநாட்டில் நான் இதைப் பேசியாயிற்று. எல்லோருக்கும் சொல்லியாயிற்று." நோட்டை மூடிவிட்டு, "உனக்கு என்மேல் நம்பிக்கை இல்லையா அம்மா?" என்றார்.

கூடத்தில் உட்கார்ந்து அப்பாவிடம் பேசிய மனிதர் அவர். அவர் இல்லாவிட்டால் நான் அந்த நாற்காலிக்கு எதிரே நின்றிருக்கவே மாட்டேன். "பெயரை எடுத்துவிடுங்கள் சார்" என்று சொல்ல வாய்வரை வந்தது. "இன்னும் ஒரு மாதம் கொடுங்கள்" என்றாவது சொல்லியிருக்கலாம். பேனாவை நீட்டினார். வாங்கி என் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டேன்.

நெருக்கடி என்றால் ஏதோ வெடிக்கும், மணி அடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். என் நெருக்கடி ஒரு மின்விசிறிச் சத்தத்தில், நல்ல மனிதர் ஒருவர் அன்பாகக் கேட்ட கேள்வியாக வந்தது. முடிய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலை ஐஸைக் கீழே இறக்கியபடி முனுசாமி கேட்டார்.

"இன்னாம்மா சொன்னாரு ஐயா?"

"ஒத்துக்கல."

"நீங்க?"

நான் குனிந்து உரலை ஐஸில் புதைக்க ஆரம்பித்தேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சாக்கை உதறிக் கொடியில் போட்டார். அதற்குப் பிறகு முள்ளைப் பார்க்க அவர் எழுந்து வந்ததே இல்லை. ஐஸ் கொண்டுவருவார், உரலைப் பிடித்துக்கொள்வார், ஸ்டூலுக்குப் போய்விடுவார். என்னை ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. அந்த ஊரில் நான் செய்வது இன்னதென்று தெரிந்த ஒரே மனிதரை அந்தக் காலையில் இழந்துவிட்டேன். அதற்கு முன்பு எனக்கு இருந்த தனிமை ஊர் கொடுத்தது. இது நானே வரவழைத்துக்கொண்டது. இரண்டும் ஒன்றில்லை.

கட்டுரை வெளிவந்தது. பாராட்டிச் சிலர் எழுதினார்கள். அந்தக் கடிதங்களைப் பேராசிரியர் எனக்கும் அனுப்பிவைப்பார். நான் படிக்காமல் அலமாரியில் வைத்துவிடுவேன். கேழ்வரகை விட்டு நெல்லுக்கு மாற்றித் தரும்படி கேட்டேன். கிடைத்தது. அடுத்த வருடம் முனுசாமிக்கு வேறு ஊர் விதைப் பண்ணைக்கு மாற்றலானது. போகிற அன்று வந்து, "வரேம்மா" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு வருடம் கழித்து ஒரு கடிதம் வந்தது. வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் பேராசிரியருக்கு எழுதியது. மக்காச்சோளத்தில் இந்த நொதி குளிரில் செயலிழப்பதைத் தாங்கள் பார்த்ததாகவும், கேழ்வரகுச் சாற்றை நாங்கள் எந்த வெப்பநிலையில் வைத்திருந்தோம் என்று அறிய விரும்புவதாகவும் மரியாதையாகக் கேட்டிருந்தார். அதன் ஓரத்தில் பேராசிரியர் பென்சிலால், "பதில் நீ எழுது" என்று குறித்து எனக்கு அனுப்பியிருந்தார். அதற்குள் அவர் ஓய்வு பெற்றிருந்தார்.

"ஐஸில்" என்று ஒரே சொல்லில் பதில் எழுதியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. மீதியை அவர்களே புரிந்துகொண்டிருப்பார்கள். நாங்கள் அறியாமல் செய்த பிழையாகப் போயிருக்கும். மூன்று நாள் அதைத்தான் எழுத நினைத்தேன். நாலாவது நாள் வேறு மாதிரி எழுதினேன். ஐஸில்தான் வைத்திருந்தோம், ஐஸ் இல்லாமல் வைத்தபோது நொதி ஓடியது, கட்டுரை போகும் முன்பே எனக்கு அது தெரியும், தெரிந்தும் கையெழுத்திட்டேன், பிழை முழுவதும் என்னுடையது, கட்டுரை வந்த இதழுக்கும் இதையே எழுதப்போகிறேன்.

தபாலில் போடும் முன் அதை எடுத்துக்கொண்டு பேராசிரியர் வீட்டுக்குப் போனேன். அவருக்குத் தெரியாமல் செய்ய மனம் வரவில்லை. மனைவியை இழந்து தனியாக இருந்தார். முன்னறையில் புத்தகங்கள் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. கண்ணாடியைத் தேடியெடுத்துப் போட்டுக்கொண்டு கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"இது பொய்" என்றார்.

கடிதத்தைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினேன்.

"பிழை முழுவதும் உன்னுடையது என்று எழுதியிருக்கிறாயே, அது பொய். நீ வந்து சொன்னாய். நான் கேட்கவில்லை. அதையும் எழுது."

"வேண்டாம் சார்."

"எழுது. அப்போது எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை." கண்ணாடியைக் கழற்றினார். "நீ போன பிறகு ஒரு வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை, தெரியுமா? கூப்பிட்டு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை."

அங்கேயே உட்கார்ந்து கடிதத்தைத் திருத்தி எழுதினேன். அவரும் கையெழுத்துப் போட்டார். காப்பி போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அதன்பின் நான் அவரைப் பார்க்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனார்.

திருத்தம் இதழின் கடைசிப் பக்கங்களில் அரைப் பக்கமாக வந்தது. அதற்குப் பிறகு எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு ஒன்று வரவில்லை. ஆறு வருடம் விதைச் சோதனையில் இருந்துவிட்டுத்தான் மறுபடி நொதிகள் பக்கம் வர முடிந்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. விதைகள் நல்ல கூட்டாளிகள்.

உங்களில் ஒருவர் போன வாரம் கேட்டீர்கள், எல்லா எண்களையும் எழுதிவைக்க வேண்டுமா, தப்பானதையுமா என்று. எழுதுங்கள். குறுக்கே கோடு போடாதீர்கள். சந்தேகம் இருந்தால் பக்கத்தில் சந்தேகம் என்று எழுதுங்கள். என் கோட்டை நானே போட்டேன், பிறகு அது எனக்கே எதிராகச் சாட்சி சொன்னது. அப்புறம், அறையில் இருக்கிற எல்லோரிடமும் பேசுங்கள்.

திருத்தம் வெளிவந்த மாதம், முனுசாமி விடுப்பில் ஊருக்கு வந்திருக்கிறார் என்று நிலையத்துக் காவல்காரர் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாமலுக்குப் பஸ் ஏறினேன். ஏரிக்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். தலைமுடி நரைத்திருந்தது. அந்த வருடம் மழை நல்ல மழை. தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

இதழை எடுத்துக் காட்டினேன். இங்கிலீஷ் தெரியாது என்றார். நான் தமிழில் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். முள் ஓடியது சாறு கெட்டதால் இல்லை என்று முதலில் சொன்னவர் அவர் என்று கடைசி வரியில் இருந்ததையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "பேரப் போட்டீங்களா? சரி" என்றார். ஒரு மாடு வயலில் இறங்கப் பார்த்தது. அதை அதட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

"ஒன்னு கேக்கட்டாம்மா?"

"கேளுங்க."

"அன்னிக்கே கையெழுத்துப் போடமாட்டேன்னு சொல்லிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

நான் யோசித்தேன். உண்மையாகவே, ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். வேலை போயிருக்காது. அப்பா என்னைத் திரும்பக் கூப்பிட்டிருக்கமாட்டார். அந்த மனிதர் ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்திருப்பார், பிறகு கூப்பிட்டு அனுப்பியிருப்பார்.

"ஐயா கோவிச்சிருப்பார்" என்றேன்.

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன்.